பள்ளிக்கூடத்துக் கிழமைகள்

கிழமை என்னும் சொல்லுக்கு உரிமை என்று ஒரு பொருள் உண்டு. ஆறாம் வேற்றுமையின் பொருளைக் கிழமைப் பொருள் என்று நம் இலக்கண நூல்கள் கூறும். ஞாயிறு என்னும் கோளுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. திங்களுக்கு உரிய நாள் திங்கட்கிழமை. தோளில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு திங்கட்கிழமை காலையில் பள்ளிக்குப் போகும் மூன்றாம் வகுப்புக் குழந்தை இந்த இலக்கணத்தை அறியாது. ஆனால் அந்தத் திங்கட்கிழமை அக்குழந்தைக்கு உரியதாவதற்கு எத்தனை காலம் பிடித்தது என்பதைப் பெரியவர்களாகிய நாமும் எண்ணிப் பார்ப்பதில்லை. கல்வி வரலாறு என்றால் சட்டங்களையும் ஆணையங்களையும் வரிசைப்படுத்தி எழுதுகிறோம். ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பின் ஒரு வாரம் எப்படி உருவாயிற்று, அதற்குள் யார் எப்போது நுழைந்தார்கள் என்று கேட்பது அரிது.

இக்கேள்வியை எழுப்பியது ஓர் ஊர். திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள தேர்வாய் கண்டிகை. கண்டிகை என்று முடியும் பெயருடைய சிற்றூர்கள் அப்பகுதியில் பல உள்ளன. இன்று அவ்வூரின் பெயரைச் சொன்னால் சிலருக்குச் சிப்காட் தொழிற்பூங்கா நினைவுக்கு வரும். சிலருக்கு, சென்னைக்குக் குடிநீர் தருவதற்காகக் கட்டப்பட்டு 2020 நவம்பர் 21 அன்று திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் நினைவுக்கு வரும். ஊர் மக்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள். வயற்கூலியும் ஆடுமாடும் சிறுகாடுமாக வாழ்ந்தவர்கள். 1997 சூலை 1 அன்று திருவள்ளூர் தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தின் வடகோடியாக இருந்தது. அந்தப் பழைய மாவட்டத்தின் வரலாற்றில், இத்தகைய ஊர்களின் குழந்தைகளுக்குப் பள்ளி வாரம் எளிதில் கிடைத்த பொருளன்று.

ஏழு கிழமைகள் தமிழருக்குப் புதியவை அல்ல. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் கோளறு பதிகத்திலேயே அவை வரிசையாக வந்துவிடுகின்றன. பஞ்சாங்கத்தில் கிழமை உண்டு. ஊர்ச் சந்தைக்குக் கிழமை உண்டு. ஆனால் திண்ணைப் பள்ளிக்கூடத்திற்குக் கிழமை இல்லை. அங்கே நாளை அளந்தது நிலவு. அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த பிரதமை, இடையில் வரும் அட்டமி ஆகிய திதிகளே விடுமுறைகள். ஞாயிறு என்பதற்காக எந்தத் திண்ணையும் ஓய்ந்ததில்லை.

அப்பள்ளிகளின் ஒரு நாள் எப்படி இருந்தது என்பதைச் சென்னை மாகாணத்தின் பெல்லாரி மாவட்ட ஆட்சியராக இருந்த கேம்ப்பெல் 1823ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதிவைத்தார். காலை 6 மணிக்கே பள்ளி தொடங்கும். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரை எழுதுவார் ஆசிரியர், அது பெருமை. இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓர் அடி. நான்காமவனுக்கு இரண்டு. பின்னால் வருவோர்க்கு அடி ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். கடைசியாக வந்தவன் எத்தனை வாங்கினான் என்று கேம்ப்பெல் எழுதவில்லை, நாமே கூட்டிக்கொள்ளலாம். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். மூத்த பிள்ளைகள் இளையோர்க்குக் கற்பித்தனர். அவர்களுக்குத் தலைவன் சட்டாம்பிள்ளை.

இந்த மணல் எழுத்துதான் கடல் கடந்து சென்றது. எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரு பெல் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, தம் விடுதியிலும் அதைத் தொடங்கச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. அவர் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டுக் கீழ்வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார்; அது நடந்தது. 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியாக அம்முறை 'மதராஸ் முறை' என்னும் பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவிற்று. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் மதராஸ் என்னும் பெயரைத் தாங்கிய பள்ளி இன்றும் இருக்கிறது. நம் திண்ணையில் இருந்து கற்றுக்கொண்டு போனார்கள் என்று நாம் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்ற கேள்வியையும் உடன் கேட்க வேண்டும்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லா மாவட்ட ஆட்சியர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் தொகுத்துக் கூறிய எண்கள்: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், மக்கள் தொகை 1,28,50,941. அக்கால ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் நிலையோடு ஒப்பிட்டால் இது தாழ்ந்த நிலையன்று என்பது அவருடைய கருத்து. தரம்பால் என்னும் காந்தியர் இந்த ஆவணங்களைத் தொகுத்து 1983இல் நூலாக்கினார். நம் பழைய கல்வியின் பரப்பை அந்நூல் மெய்ப்பித்தது, நன்றிக்குரிய பணி. எனினும் திண்ணை என்பது ஒருவர் வீட்டின் முன்புறம். அந்தத் தெருவுக்குள் நடக்க உரிமையில்லாத சேரிப் பிள்ளைக்கு அந்தத் திண்ணை எப்படிப் பள்ளியாகும்? அவனுக்குத் திதியும் இல்லை, கிழமையும் இல்லை. விடிந்தால் மாட்டுத் தொழுவம், பொழுது சாய்ந்தால் வீடு.

ஞாயிறு ஓய்வு என்னும் வழக்கம் பள்ளிக்குள் வந்தது ஐரோப்பியரோடு. நம் மறை வரலாற்றில் அதன் முதல் தடம் முத்துக்குளித்துறையில் இருக்கிறது. 1544ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் தூய சவேரியார், கையில் மணியோடு ஊருக்குள் சென்று பிள்ளைகளைக் கூட்டியதையும், நாள்தோறும் அவர்களுக்குத் தமிழில் செபங்களைக் கற்பித்ததையும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண் பெண் சிறியோர் பெரியோர் அனைவரையும் ஒருங்கே கூட்டியதையும் சொல்கிறார். கற்ற பிள்ளைகள் வீட்டுக்குச் சென்று தாய் தந்தையர்க்குக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் இட்ட கட்டளை. எழுத்துப் பயிற்சி அதில் இல்லை. அதைப் பள்ளி என்று இன்று சொல்ல முடியாது. ஆயினும் ஆறு நாள் கற்பதும் ஏழாம் நாள் கூடுவதுமாகிய ஓர் ஒழுங்கை, சாதிப் படிநிலையில் கீழே வைக்கப்பட்டிருந்த கடற்கரைப் பிள்ளைகளிடம் முதலில் கொண்டு சென்றது அந்தக் கைமணி. பின்னர் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தொடங்கிய பள்ளிகளில் மணிக்கணக்கில் பாடம் நடந்தது. கம்பெனி ஆட்சி வேரூன்றியபின் அலுவலகங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் ஞாயிறு விடுமுறையாயிற்று. அரசு மானியம் பெற்ற பள்ளிகளும் அதைப் பின்பற்றின. நிலவு மெல்ல மெல்ல வகுப்பறையை விட்டு வெளியேறிற்று.

செங்கல்பட்டு மாவட்டத்துச் சேரிகளுக்கு இந்த வாரம் வந்து சேர்ந்த கதை தனி. 1891இல் அம்மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்கீர், பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். இன்று பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது, அக்குறிப்பை ஒட்டி 1892இல் பிறந்த அரசாணையின் விளைவு. அவர் கண்ட உண்மைகளில் ஒன்று நிலத்தைப் பற்றியது மட்டுமன்று: படியாள் குடியிருந்த குடிசையின் அடிமனையும் மிராசுதாரருக்கு உரியது என்று கொள்ளப்பட்டது. மிராசுதாரர் சினந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் சினத்துக்குக் காரணமாகலாம். ஏனெனில் பள்ளிக்குப் போகும் பிள்ளை மாடு மேய்க்காத பிள்ளை. அக்காலத்தில் வாரம் என்ற சொல்லே ஊராரிடம் விளைச்சல் பங்கைத்தான் குறித்தது: மேல்வாரம் அரசுக்கு, குடிவாரம் நிலமுடையோர்க்கு. உழுதவனுக்கு இந்த வாரமும் இல்லை, அந்த வாரமும் இல்லை.

மறைப்பணியாளர்கள் இந்தப் பூட்டை நேரில் கண்டார்கள். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்துச் சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூவும் திருவள்ளூரில் மெதடிஸ்ட் சபையின் வில்லியம் கௌடியும், கல்வியையும் நிலத்தையும் பிரிக்க முடியாது என்று விடாமல் எழுதினர். திருவள்ளூரில் கௌடியின் பெயரால் இன்றும் ஒரு மேல்நிலைப்பள்ளி நடைபெறுகிறது. பகலில் வராத பிள்ளைகளுக்காக இரவுப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. சேரியின் நடுவே ஒரு கூரைக் கொட்டகை. வார நாளில் அது பள்ளி, ஞாயிறன்று செபக்கூடம். வார நாளில் ஆசிரியர், ஞாயிறன்று உபதேசியார். பெரும்பாலும் ஒரே ஆள். கத்தோலிக்கர் பங்குகளிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் நம் கோவில்களுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் வகுக்கப்பட்டிருந்த காலம் அது என்பதை மறைத்துவிட்டு நம் பள்ளிகளின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது. கொட்டகைப் பள்ளியில் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்தார்களா என்று ஒவ்வொரு பங்கும் தன் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

1893இல் தாழ்த்தப்பட்டோர் கல்விக்கெனச் சென்னை அரசு தனி ஆணை பிறப்பித்தது. 1894இல் அடையாற்றில் கர்னல் ஆல்காட் ஓர் இலவசப் பள்ளி திறந்தார். 1920ஆம் ஆண்டை ஒட்டி அமைக்கப்பட்ட தொழிலாளர் நலத்துறை சேரிகளில் அரசுப் பள்ளிகளைத் தொடங்கியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு அதுவே வேர். அதே 1920இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு கொடுக்க முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. கல்விக்கென ஒதுக்கிய பணத்தைச் சோற்றுக்குச் செலவழிக்கலாகாது என்று அரசு சொல்ல, 1925இல் அது நின்றது. பசித்த பிள்ளைக்குப் பாடம் நடத்துவதற்குத்தான் பணம், பசியை ஆற்றுவதற்கு இல்லை என்று கணக்கர்கள் கருதிய காலம்.

விடுதலைக்குப்பின் பள்ளி நாளே பாதியாகும் நிலை ஒருமுறை வந்தது. 1953இல் முதலமைச்சர் இராசாசி கொணர்ந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப்புறப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் பள்ளி, எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழில் என்று வகுத்தது. இடமும் ஆசிரியரும் போதாத நிலையில் இரட்டிப்புப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கூறிய நியாயம். குலக்கல்வி என்று எதிர்ப்பு எழுந்தது. பெற்றோரின் தொழில் என்பது வழக்குரைஞரின் பிள்ளைக்கு ஒன்று, பண்ணையாளின் பிள்ளைக்கு வேறொன்று அல்லவா? 1954 மே மாதத்தில் காமராசர் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

மாடு மேய்க்கும் சிறுவனொருவனிடம் காமராசர், 'பள்ளிக்குப் போகவில்லையா' என்று கேட்டதும், 'போனால் சோறு யார் போடுவார்' என்று அவன் திருப்பிக் கேட்டதும் தமிழ்நாடெங்கும் வழங்கும் கதை. கதை எப்படியாயினும் 1956இல் மதிய உணவுத் திட்டம் எட்டயபுரத்தில் தொடங்கியது மெய். 1958இல் நம் பகுதிக்கு மற்றொரு பெருமை சேர்ந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கம் அவ்வாண்டில் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கிற்று. ஊரார் தம் பள்ளிக்கு வேண்டிய பலகை, மணி, தண்ணீர்ப் பானை, சீருடை என்று தம்மால் இயன்றதைக் கொண்டு வந்து கொடுத்தனர். அரசின் பள்ளி ஊரின் பள்ளியாயிற்று.

ஒரு வாரத்தின் உருவம் எப்படி இருந்தது என்பதை ஈராசிரியர் பள்ளிகளில் படித்தவர்களும் கற்பித்தவர்களும் நினைவுகூரலாம். தொண்ணூறுகளின் ஒரு மூன்றாம் வகுப்பை எண்ணிக்கொள்வோம். ஒரே அறையில் மூன்று வகுப்புகள். மூன்று திசை நோக்கி மூன்று வரிசைகள். திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம், தமிழ்த்தாய் வாழ்த்து. அவ்வாரத்துப் பாடக்குறிப்பேட்டில் தலைமையாசிரியரின் கையொப்பம் விழவேண்டும். கரும்பலகையின் மூலையில் தேதி, பதிவு, வருகை. அந்த மூலையில் எழுதப்படும் இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள வேறுபாடுதான் அவ்வூரின் பொருளாதாரம். சந்தைக் கிழமையில் அது கூடும். நாற்று நடும்போதும் கடலை பிடுங்கும்போதும் இன்னும் கூடும்.

ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஆசிரியர் மூன்றாம் வகுப்பின் பக்கம் திரும்புவார். ஆங்கில எழுத்து பிள்ளைகளின் கண்ணில் முதன்முதலாகப் பட்டது அக்காலத்தில் மூன்றாம் வகுப்பில்தான். வாய்ப்பாட்டை உரக்கச் சொல்வது மாலை நேரத்துக்கு, தூக்கம் கலையும். வெள்ளிக்கிழமை பிற்பகல் மாணவர் மன்றம்: ஒரு பாட்டு, ஒரு கதை, ஒரு விடுகதை. அது முடிந்ததும் கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவார்கள். கைகள் கறுத்துப்போன பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் அடி விழும். இருந்தும் அந்த வேலைக்குப் போட்டி. நம் பங்குப் பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் பிறர்க்கு நன்னெறியும் நடந்தன. முதல் வெள்ளியன்று வரிசையாகக் கோவிலுக்குச் சென்றார்கள். தொடக்கப்பள்ளிக்கு 220 வேலைநாள் என்னும் கணக்கு நெடுங்காலம் இருந்ததால், மழைக்கு விட்ட நாளைச் சனிக்கிழமை பிடித்துக்கொள்ளும்.

இந்த வாரத்துக்குள் முட்டை நுழைந்த வரலாற்றை எந்தப் பாடநூலிலும் காணோம். 1982 சூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1989இல் கலைஞர் அரசு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முட்டை கொடுத்தது. 1998இல் அது வாரத்துக்கு ஒன்றாயிற்று. 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் ஐந்து. பதினைந்து நாளுக்கு ஒன்று என்பதிலிருந்து பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்பதற்கு வர 21 ஆண்டுகள். வாரத்துக்கு ஒரே முட்டை இருந்த காலத்தில் அந்தக் கிழமையின் வருகைக்கும் மறுநாள் வருகைக்கும் உள்ள வேறுபாட்டை எந்த ஆசிரியருக்கும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிழமைகள் எல்லாம் ஒன்றுபோல் ஆனது ஐந்தாம் முட்டையால்.

கற்பிக்கும் முறையும் மாறிற்று. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில் எல்லோருக்கும் ஒரே பாடம் என்பது இல்லை. கற்றல் ஏணியில் குழந்தை தான் நிற்கும் படியைத் தானே அறிந்து, அதற்குரிய அட்டையை எடுத்துக்கொள்ளும். கரும்பலகை சுவரின் கீழ்ப்பகுதிக்கு, குழந்தையின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது. பத்து நாள் கடலைக் கொல்லைக்குப் போய்த் திரும்பிய பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பது அம்முறையின் பெரிய நன்மை. அட்டை எடுத்துக்கொண்டு அமைதியாக இருக்கும் பிள்ளை உண்மையில் கற்கிறதா என்பது ஆசிரியர் பலரின் ஐயம். இரண்டும் உண்மையே என்பது என் கருத்து.

அந்த ஆண்டுகளில்தான் தேர்வாய் கண்டிகையில் வேறொரு வழக்கு எழுந்தது. ஊரை அடுத்து மேய்க்கால் நிலமாகவும் சிறுகாடாகவும் மக்கள் பயன்படுத்திவந்த 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் சிப்காட்டுக்கு ஒதுக்கப்பட்டது. ஊர் மக்கள் 2007 முதல் எதிர்த்தனர். போராடிக் கைதானவர்களும் உண்டு. 2009 நவம்பரில் பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷெலினோடு மாநில அரசு ஒப்பந்தம் செய்துகொண்டது. பின்னர் அங்கே ஆலை எழுந்தது. வேலையும் சாலையும் வரும் என்றனர் ஒரு சாரார், வந்தவையும் உண்டு. எங்கள் ஆடுமாடு எங்கே போகும் என்றனர் மறுசாரார். அந்த 2009ஆம் ஆண்டில்தான் குழந்தைகளுக்கான கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் நிறைவேறி, 2010 ஏப்பிரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

இந்த இரண்டையும் தனித்தனிச் செய்தியாகவே நாம் படித்தோம். ஆனால் மேய்ச்சல் நிலத்துக்கும் மூன்றாம் வகுப்புக்கும் ஓர் உறவு உண்டு. மேய்ச்சல் ஊரை ஒட்டி இருந்தால் பாட்டி ஒருத்தி ஆடுகளைப் பார்த்துக்கொள்வாள். பேரப்பிள்ளை பள்ளியில் இருக்கும். மேய்ச்சல் இரண்டு கல் தொலைவுக்குப் போனால் கால்வலு உள்ள பிள்ளை வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டை விற்க வேண்டும். விற்றால் பிள்ளை பள்ளிக்கு வரும்; ஆனால் அவசரத்துக்கு விற்று நோட்டுப் புத்தகம் வாங்க அந்த வீட்டில் ஆடு இராது. டிரெமென்கீர் 1891இல் கண்டதும் இதைத்தான்: படிப்பையும் நிலத்தையும் வெவ்வேறு கோப்புகளில் வைப்பது அரசுக்கு வசதி, குடிசைக்கு இரண்டும் ஒன்றே.

நோய்த்தொற்றின்போது 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 19 மாதங்களுக்குமேல் கிழமை அற்ற காலம். ஒன்றாம் வகுப்பில் பாதியில் எழுந்துபோன பிள்ளை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அந்த இழப்பை ஈடுசெய்ய வகுக்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தை 2022 சூன் 13 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்தது திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான். ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளின் பிள்ளைகளை அவர்கள் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பித்தார்கள். பெயர்கள் அழகியவை. மதிப்பீட்டைக் கைபேசிச் செயலியில் ஏற்றும் வேலை ஆசிரியரின் நேரத்தைத் தின்றதும் உண்டு. பழைய பாடக்குறிப்பேட்டுக் கையொப்பத்தையே ஆசிரியர்கள் நினைத்து ஏங்கியிருந்தால் அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்டு 25 முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. கிழமைக்கொரு பண்டம் என்று பட்டியலிட்டார்கள்: திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல், வியாழன் மீண்டும் உப்புமா, வெள்ளி கிச்சடியோடு கேசரி. கிழமைகளின் பெயரைப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே வாசனையால் அறியும் காலம் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகள் இதில் முதலில் சேர்க்கப்படவில்லை. ஒரே தெருவில் அரசுப் பள்ளிப் பிள்ளை உண்டு வர, பங்குப் பள்ளிப் பிள்ளை வெறும் வயிற்றோடு வந்த நிலையை நம் ஆசிரியர்கள் ஓராண்டு கண்டார்கள். 2024 சூலை 15 அன்று, காமராசர் பிறந்த நாளில், ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் அது வந்தது. தொடக்க விழா நடந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. கௌடி உழைத்த அதே மாவட்டம். 1925இல் நின்றுபோன ஓர் அணாச் சோற்றுக்கு 99 ஆண்டுகள் கழித்து.

கும்மிடிப்பூண்டிப் பகுதியின் வகுப்பறைகளில் இப்போது வேறு பிள்ளைகளும் வந்து உட்கார்கிறார்கள். எல்லைப்புறம் ஆகையால் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் என்றும் உண்டு. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்பித்தல் சட்டத்துக்குப்பின் அவர்களும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் கற்கிறார்கள். ஆலைகளுக்கும் செங்கற்சூளைகளுக்கும் பிழைக்க வந்த ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் திருவள்ளூர் மாவட்டச் சூளைகளிலேயே ஒடியா நூல்களை வைத்துப் பாடம் நடத்திய பணியிடப் பள்ளிகள் இருந்தன. சூளைக்குக் கிழமை இல்லை, பருவம்தான். மழை தொடங்குமுன் அவர்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். பதிவேட்டில் பெயர் நிற்கும், பிள்ளை இராது.

ஆலைகளுக்கோ ஞாயிறு என்பதே இல்லை. மூன்று முறை மாற்றுப் பணி. வார ஓய்வு ஆளுக்கொரு நாளில் சுழன்று வரும். இரவுப் பணி முடித்து விடிகாலையில் திரும்பும் தந்தைக்குப் புதன்கிழமை ஞாயிறாக இருக்கலாம். மகளுக்கு அன்று பொங்கல், கணக்குப் பாடம், நண்பகலில் முட்டை. அவள் வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பும்போது பள்ளி அடுப்பு அணைந்திருக்கும். மீண்டும் அது எரிவது திங்கட்கிழமை விடிந்தபின். இடையில் உள்ள இரண்டு நாளும் அவள் பாட்டியோடு, எஞ்சியிருக்கும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகிறாள்.